பெயரும் பண்பும்

‘மொட்டைக் கடிதம்’ என்னும் தொடரைக் கேளாத தமிழர் இலர். எழுதியவனின் பெயரும் ஊரும் இன்றி, பிறர்மேல் பழி சுமத்திவரும் கடிதத்திற்கு நம் மக்கள் இட்ட பெயர் அது. அதை எழுதுபவனைக் கோழை என்று ஊர் இகழும். ஆனால், அதே ஊர்தான் ‘கல்கி’ என்றும் ‘புதுமைப்பித்தன்’ என்றும் புனைபெயர் பூண்டு எழுதியவர்களைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறது. இரண்டு இடத்திலும் இயற்பெயர் ஒதுங்கித்தான் நிற்கிறது. எனினும் ஒன்றை வெறுக்கிறோம்; மற்றொன்றைப் போற்றுகிறோம். இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு, இந்நாளில் பலர் எழுப்பும் ஒரு வினாவை உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

வினா இதுதான்: இணையத்தில் எழுதுவோர் ஒவ்வொருவரும் தம் மெய்ப்பெயரோடுதான் எழுத வேண்டும் என்று கட்டாயம் செய்தால், வசைமொழி குறைந்து பண்பு வளருமா? ‘வளரும்’ என்றே பெரும்பாலோர் உடனே விடை கூறுவர். அவ்விடையில் நியாயம் இல்லாமல் இல்லை. பெயர் என்பது வெறும் ஒலியன்று. ‘நல்ல பெயர் எடு’ என்று தாய் பிள்ளையை வாழ்த்துகிறாள். ‘பெயரைக் கெடுத்துக்கொள்ளாதே’ என்று தந்தை கண்டிக்கிறார். பெயர் என்றாலே மானம் என்று பொருள் கொண்ட சமுதாயம் நம்முடையது. ஆகவே, பெயர் வெளிப்பட்டால் நாக்கு அடங்கும் என்று நாம் எண்ணுவது இயல்பே. ஆயினும், இயல்பாகத் தோன்றுவதெல்லாம் உண்மையாகிவிடாது. இணையம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே அச்சு இயந்திரம் இந்த வினாவை எழுப்பிவிட்டது. வரலாறு இதனைப் பலமுறை சோதித்துப் பார்த்திருக்கிறது. அச்சோதனைகளுட் சிலவற்றைக் காண்போம்.

முதலில் இலண்டன் நகரம். 1769ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் முதல் 1772ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் வரை, ‘பப்ளிக் அட்வர்டைசர்’ என்னும் பத்திரிகையில் ‘ஜூனியஸ்’ என்ற புனைபெயரில் கடிதங்கள் வெளிவந்தன. முதலமைச்சராக இருந்த கிராஃப்டன் கோமகனின் அரசியலை மட்டுமல்லாமல் அவருடைய சொந்த வாழ்க்கையையும் அக்கடிதங்கள் கிழித்துத் தோரணம் கட்டின. 1769 டிசம்பரில் வெளிவந்த கடிதம் மன்னர் மூன்றாம் ஜார்ஜையே நேர்நின்று கண்டித்தது. அரசாங்கம் சினந்தது. எழுதியவர் யார் என்று தெரியாமையால், அச்சிட்ட உட்ஃபால் என்பவரை 1770இல் வழக்கு மன்றத்தில் நிறுத்தியது. ‘அச்சிட்டு வெளியிட்டது உண்மை, அவ்வளவே’ என்ற கருத்தில் நடுவர் குழு தீர்ப்புக் கூற, அவர் தண்டனையின்றித் தப்பினார். முகமூடி அணிந்தவனின் நா எத்துணைக் கூர்மை பெறும் என்பதற்கு ஜூனியஸைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. இத்துடன் கதையை நிறுத்திவிட்டால், மெய்ப்பெயரைக் கட்டாயமாக்க வேண்டும் என்போர் வென்றுவிடுவர்.

ஆனால், கதை அத்துடன் நிற்கவில்லை. ஜூனியஸ் என்ற பெயரில் மறைந்திருந்தவர் பிலிப் பிரான்சிஸ் என்பதே ஆராய்ச்சியாளர் பலரின் முடிவு. இந்தப் பிரான்சிஸ் 1774ஆம் ஆண்டில் வங்காள ஆட்சிக் குழுவின் உறுப்பினராகக் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தார். அங்கே அவர் முகமூடி அணியவில்லை. அரசாங்க ஏடுகளில் தம் பெயரோடும் பதவியோடும் எழுதினார். அவருக்கு எதிராக எழுதிய கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்சும் பெயரோடுதான் எழுதினார். பலன் என்ன? ஆறு ஆண்டுகள் அக்குழுவில் பகை புகைந்தது. 1780ஆம் ஆண்டில் ஹேஸ்டிங்ஸ், பிரான்சிஸிடம் வாய்மையும் இல்லை, மானமும் இல்லை என்ற பொருள்பட அரசாங்கக் குறிப்பிலேயே எழுதிவைத்தார். அவ்வாண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் இருவரும் கைத்துப்பாக்கி ஏந்தி எதிரெதிரே நின்றனர். பிரான்சிஸ் குண்டடி பட்டு வீழ்ந்தார். உயிர் மட்டும் பிழைத்தார். முகமூடி கழன்றது, சீற்றம் கழலவில்லை. இந்தியாவை ஆள வந்தவர்களுள் மிக உயர்ந்த பதவியினர் இருவர், தம் பெயர் பொறித்த ஏட்டிலேயே ஒருவரை ஒருவர் இழிவுபடுத்தினர் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

அடுத்து அமெரிக்காவுக்குச் செல்வோம். 1787ஆம் ஆண்டு அக்டோபரில், புதிய அரசியல் சட்டத்தை மக்கள் ஏற்க வேண்டும் என்று வாதாடி, நியூயார்க் பத்திரிகைகளில் ‘பப்ளியஸ்’ என்ற புனைபெயரில் கட்டுரைகள் தொடங்கின. மொத்தம் 85 கட்டுரைகள். அலெக்சாந்தர் ஹாமில்டன், ஜேம்ஸ் மாடிசன், ஜான் ஜே ஆகிய மூவரும் அந்த ஒரே பெயரைப் பகிர்ந்துகொண்டனர். 51 கட்டுரைகள் ஹாமில்டன் எழுதியவை என்பர். மூவரும் பெயரை மறைத்தே எழுதினர். எனினும் அக்கட்டுரைகளில் பெரும்பாலும் நாம் காண்பது வசையன்று, வாதம். யார் சொன்னார் என்பதை விடுத்து என்ன சொன்னார் என்பதை மட்டும் எடைபோடுமாறு அப்புனைபெயர் வாசகரை அழைத்தது. அக்கட்டுரைகள் இன்றும் கல்லூரிகளில் பாடமாக உள்ளன.

அதே ஹாமில்டன் 1800ஆம் ஆண்டில், குடியரசுத் தலைவர் ஜான் ஆடம்ஸின் குணக்கேடுகளை அடுக்கி ஒரு நீண்ட மடல் எழுதினார். ஆடம்ஸ் அவருடைய கட்சியைச் சேர்ந்தவரே. மடலின் அடியில் ஹாமில்டனின் பெயர் தெளிவாக இருந்தது. தலைவரின் தற்பெருமை, பொறாமை, அடங்காச் சினம் என்று குறைகளைக் கூறிய அம்மடல் கட்சியைப் பிளந்தது. எழுதியவரின் மதிப்பையும் குலைத்தது. நான்கு ஆண்டுகளுக்குப் பின், துணைத் தலைவர் ஆரன் பர்ரைப் பற்றி ஹாமில்டன் இழிவாகப் பேசினார் என்ற செய்தி பத்திரிகையில் வெளிவர, 1804 ஜூலை 11ஆம் நாள் இருவரும் துப்பாக்கிப் போர் புரிந்தனர். ஹாமில்டன் மறுநாள் உயிர் நீத்தார். நடுநிலையோடு ஒன்று சொல்ல வேண்டும்: அவர் புனைபெயரில் எதிரிகளைத் தாக்கியதும் உண்டு. 1792இல் ஜெஃபர்சனுக்கு எதிராக அவர் அவ்வாறு எழுதினார். ஆகவே புனைபெயர் பண்பைத் தரும் என்றும் நான் சொல்லவில்லை. ஒரே மனிதர், ஒரே பேனா. நோக்கம் எதுவோ, அதற்கேற்பவே எழுத்து இனித்தது அல்லது கசந்தது என்றே சொல்கிறேன்.

இவை தனி மனிதர் வரலாறுகள். ஒரு நாடு முழுவதும் பெயரைக் கட்டாயமாக்கினால் என்ன நிகழும்? அச்சோதனையைச் செய்த நாடு பிரான்சு. 1850 ஜூலை 16ஆம் நாள் நிறைவேறிய சட்டம், அரசியல், தத்துவம், சமயம் ஆகியவற்றை விவாதிக்கும் பத்திரிகைக் கட்டுரை ஒவ்வொன்றிலும் எழுதியவரின் கையொப்பம் இருக்க வேண்டும் என்றது. திருத்தத்தைக் கொண்டுவந்த தெங்கி என்பவரின் பெயராலேயே அச்சட்டம் வழங்கலாயிற்று. மீறினால் முதல் முறை 500 பிராங்கு தண்டம். பெயரின்றி ‘நாம்’ என்று முழங்கும் பத்திரிகையின் செல்வாக்கைக் குறைத்து, அதனை ஒரு தனி மனிதனின் குரலாக்கிவிட வேண்டும் என்பது அச்சட்டத்தை ஆதரித்தோரின் விருப்பம்.

பின்னர் 1881ஆம் ஆண்டுப் பத்திரிகைச் சட்டம் பழைய கட்டுகளைத் தளர்த்திய போதிலும், கையொப்பமிடும் வழக்கம் அந்நாட்டில் வேரூன்றிவிட்டது. பண்பும் அவ்வாறே வேரூன்றியதா? எதுவார் துருமோன் என்பவர் 1886இல் யூதர்களை இழித்துரைக்கும் பெருநூல் ஒன்றைத் தம் பெயராலேயே வெளியிட்டார். 1892இல் ‘லா லிபர் பரோல்’ என்னும் நாளேட்டைத் தொடங்கி, அதே வெறுப்பை நாள்தோறும் பரப்பினார். பெயரை மறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அப்பெயரால் அவர் புகழ் பெற்றார். 1898இல் சட்டமன்ற உறுப்பினரும் ஆனார். பத்திரிகையாளர் ஒருவரையொருவர் துப்பாக்கிப் போருக்கு அழைப்பதும் அக்காலத்துப் பாரிஸில் வழக்கமாயிருந்தது.

அதே பாரிஸில், அதே 1898ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள், வேறொரு கையொப்பமும் வெளிவந்தது. பொய்க் குற்றம் சாட்டப்பட்டுத் தீவாந்தரத்தில் வாடிய யூத இராணுவ அதிகாரி திரைஃபசுக்காக, நாவலாசிரியர் எமிலி ஸோலா, ‘நான் குற்றம் சாட்டுகிறேன்’ என்ற தலைப்பில் குடியரசுத் தலைவருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். அரசாங்கம் தம்மீது வழக்குத் தொடுக்கும் என்பதை அறிந்தே, அதனை வேண்டியே, தம் பெயரை இட்டார். தண்டனை பெற்று இங்கிலாந்துக்கு ஓடி ஒளியவும் நேர்ந்தது. இந்த ஸோலாதான் 1893இல் இலண்டனில் பத்திரிகையாளர் மாநாட்டில் பேசும்போது, அரசியல் எழுத்துக்குப் பெயரின்மையே ஏற்றது, இலக்கியத்துக்குக் கையொப்பம் வேண்டும் என்று கூறியவர். துருமோனின் கையொப்பமும் கையொப்பம். ஸோலாவின் கையொப்பமும் கையொப்பம். முன்னதில் நஞ்சு இருந்தது. பின்னதில் அறம் இருந்தது. காகிதத்தின் அடியில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதால் இவ்விரண்டையும் பிரித்தறிய இயலுமா?

இனி நம் காலத்துக்கு வருவோம். இணையத்தில் மெய்ப்பெயரைப் பெரிய அளவில் கட்டாயமாக்கிய நாடு தென் கொரியா. இணைய வசையால் மனமுடைந்தோர் பற்றிய செய்திகள் அந்நாட்டு மக்களை உலுக்கியிருந்தன. ஆகவே, சட்டம் செய்தவர்களின் நோக்கத்தை நாம் எள்ளி நகையாடலாகாது. 2007 ஜூலையில் நடைமுறைக்கு வந்த ஏற்பாட்டின்படி, மிகுதியான வாசகர் வரும் இணையத் தளங்களில் கருத்து எழுத விரும்புவோர், தம் குடிமக்கள் பதிவு எண்ணைக் கொண்டு தாம் யார் என்று மெய்ப்பிக்க வேண்டும். வாசகர் கண்ணுக்குப் புனைபெயர் தெரியலாம். ஆனால் மெய்ப்பெயர் தளத்தை நடத்தும் நிறுவனத்திடம் இருக்கும். 2009இல் இவ்விதி நாள்தோறும் ஒரு லட்சம் வாசகர் வரும் தளங்களுக்கும் விரிந்தது.

மூன்று விளைவுகள் தோன்றின. முதலாவது, எழுதுவோர் வெளிநாட்டுத் தளங்களை நாடிச் சென்றனர். ‘யூடியூப்’ நிறுவனம் 2009இல் கொரியப் பகுதியில் கருத்தெழுதும் வசதியையே நிறுத்திக்கொண்டு சட்டத்துக்கு உட்படாமல் விலகியது. இரண்டாவது, மக்களின் பெயரும் எண்ணும் நிறுவனங்களின் களஞ்சியத்தில் மலைபோல் குவிந்தன; கள்வருக்கு அது அழைப்பாயிற்று. 2011 ஜூலையில் ‘நேட்’, ‘சைவேர்ல்டு’ என்னும் இரு தளங்களிலிருந்து ஏறத்தாழ 3½ கோடிப் பயனாளரின் விவரங்கள் களவாடப்பட்டன. அந்நாட்டின் மக்கள்தொகையே 5 கோடி அளவினது என்பதை நினைத்துப் பாருங்கள். மூன்றாவது விளைவை நீதிமன்றமே கூறியது. 2012 ஆகஸ்டு 23ஆம் நாள் அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றத்தின் நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாக அவ்விதியைச் செல்லாதது ஆக்கினர். சட்டவிரோதமான எழுத்துகள் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தன என்பதற்குச் சான்று இல்லை என்பதும், பேச்சுரிமை நலிந்தது என்பதும் அவர்கள் காட்டிய காரணங்களுள் அடங்கும்.

ஏன் இவ்வாறு ஆயிற்று? சூரிச் ஆராய்ச்சியாளர் சிலர் 2016இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. ஜெர்மானிய விண்ணப்பத் தளம் ஒன்றில், 1,612 விண்ணப்பங்களின்கீழ் எழுதப்பட்ட 5 லட்சத்துக்கு மேற்பட்ட கருத்துகளை அவர்கள் ஆராய்ந்தனர். கடுமொழி கூறியோரில் பெயர் மறைத்தவர்களைவிடப் பெயர் வெளியிட்டவர்களே விஞ்சி நின்றனர். இது எனக்கு வியப்பளிக்கவில்லை. பிரான்சிஸ், ஹேஸ்டிங்ஸ், ஹாமில்டன், துருமோன் ஆகியோரை அறிந்த உங்களுக்கும் வியப்பளிக்காது. தான் செய்வது தவறு என்று உள்ளூர அறிந்தவன் முகத்தை மறைப்பான். தன் சினம் நியாயமானது, தான் அறத்தின் பக்கம் நின்றே பிறனைச் சாடுகிறேன் என்று நம்புகிறவன் எதற்காக முகத்தை மறைக்க வேண்டும்? அவன் பெயரைப் பெரிதாகப் பொறித்துக்கொள்வான். தன் கூட்டத்தாரின் பாராட்டையும் எதிர்பார்ப்பான். மெய்ப்பெயர்ச் சட்டம் வெட்கமுள்ளவனைத்தான் தடுக்கும். உலகில் பெருந்தீங்கு விளைத்த வசைகள் பலவும் வெட்கப்படாதவர்கள் வாயிலிருந்து வந்தவை.

சட்டம் தடுக்கும் மற்றொரு கூட்டத்தாரையும் நாம் எண்ண வேண்டும். அவர்கள் எளியவர்கள். அமெரிக்காவில் அலபாமா மாநில அரசாங்கம், கறுப்பின மக்களின் உரிமைக்காகப் பாடுபட்ட தேசியச் சங்கத்தை நோக்கி, ‘உன் உறுப்பினர் பெயர்ப் பட்டியலைக் கொடு’ என்று கேட்டது. சங்கம் மறுத்தது, மாநில நீதிமன்றம் ஒரு லட்சம் டாலர் தண்டம் விதித்தது. பட்டியல் வெளிப்பட்டால் உறுப்பினர் வேலை இழப்பர், அடியும் உதையும் படுவர் என்பது யாவரும் அறிந்த உண்மை. 1958ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் சங்கத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. வலியவனுக்குப் பெயர் கேடயம். எளியவனுக்கு அதே பெயர் கழுத்தில் விழும் சுருக்கு. தவறு செய்யும் மேலதிகாரியைப் பற்றி எழுதும் கீழ்நிலை ஊழியனையும், தனக்கு நேர்ந்த கொடுமையைச் சொல்லத் துணியும் பெண்ணையும் நினைத்தால் இது விளங்கும்.

நம் நாட்டு வரலாறும் இதற்குச் சான்று கூறும். 1799இல் வெல்லெஸ்லி விதித்த ஒழுங்குமுறை, பத்திரிகையை அச்சிடுவோர் தம் பெயரை இதழின் அடியில் பொறிக்க வேண்டும் என்றது. 1867ஆம் ஆண்டுச் சட்டமும் அச்சிடுவோர், வெளியிடுவோர் பெயர்களைக் கட்டாயமாக்கியது. அந்நிய ஆட்சி இப்பெயர்களைக் கேட்டது மக்களின் பண்பை வளர்க்கவா? யாரைப் பிடிப்பது என்று அறியவே கேட்டது. சென்னையில் பாரதியார் எழுதிவந்த ‘இந்தியா’ வார இதழின்மேல் 1908இல் அரசாங்கம் பாய்ந்தபோது, சிறை புகுந்தவர், சட்டப்படி ஆசிரியராகப் பதிவு பெற்றிருந்த சீனிவாசன் என்பவரே. பாரதியார் புதுச்சேரிக்குச் சென்றார்.

எனினும், அந்த ஏற்பாட்டில் ஒரு நன்மையும் உண்டு என்பதை நான் மறைக்க மாட்டேன். எழுதியவர் யாராயினும், வெளியிட்டதற்குப் பொறுப்பேற்க ஒருவர் இருக்கிறார். அவர் தம் மானத்தையும் பொருளையும் பணயம் வைத்திருப்பதால், அச்சேறுமுன் ஒருமுறை படித்துப் பார்க்கிறார். ‘இது கண்டனம், இருக்கட்டும். இது வசை, நீக்கு’ என்று கோடு போடுகிறார். பத்திரிகைகளில் ஓரளவு பண்பு நிலைத்ததற்கு அந்தக் கோடும் காரணம். எழுதுவோன் கையொப்பம் செய்யாததை, படித்துப் பார்க்கும் கண் செய்தது.

இப்போது தொடக்கத்தில் கூறிய வேறுபாட்டின் பொருள் விளங்கும். மொட்டைக் கடிதத்தை நாம் வெறுப்பது அதில் இயற்பெயர் இல்லாமையால் மட்டும் அன்று. அது ஒரு முறை குத்திவிட்டு ஓடிவிடும். கேட்டால் விடை சொல்ல ஆளில்லை. புனைபெயர் பூண்ட எழுத்தாளனோ அப்பெயரிலேயே நாளும் வாசகர்முன் வந்து நிற்கிறான். நேற்று எழுதியதற்கு இன்று விடை கூறுகிறான். அப்பெயருக்கும் மானம் உண்டாகிவிடுகிறது. அதனைக் காத்துக்கொள்ள வேண்டிய கவலையும் அவனுக்கு உண்டாகிவிடுகிறது. ஆக, பண்பை வளர்ப்பது பெற்றோர் இட்ட பெயர் அன்று. எப்பெயராயினும் அதனோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பொறுப்பேயாகும்.

மாணவ நண்பர்களே, ‘பெயரைச் சொல்லிவிட்டுப் பேசு’ என்று யாரேனும் சட்டம் செய்ய முன்வந்தால், இரண்டு கேள்விகளை அமைதியாகக் கேளுங்கள். அப்பெயர் யார் கையில் இருக்கும்? அதனால் அடங்கப்போகிறவர் வலியவரா, எளியவரா? இவ்விரண்டுக்கும் தக்க விடை கிடைக்கும்வரை அச்சட்டத்தை ஐயத்தோடு நோக்குவதே அறிவுடைமை. ஆனால், நீங்கள் எழுதும்போது உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறு. ‘இதற்கு நாளை விடை சொல்ல நான் இருப்பேனா?’ என்பதே அது. இருப்பேன் என்று நெஞ்சு சொன்னால் எப்பெயரிலும் எழுதுங்கள். அந்த உறுதி இல்லையாயின், மெய்ப்பெயரோடும் எழுதாதீர்கள்.